வெள்ளி ரூபாயும் தேய்மானக் கணக்கும்

இரண்டு வருடங்களுக்கு முன், வரலட்சுமி நோன்புக்கு முதல் நாள். குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம் என்று வெள்ளிச் சாமான்களை எல்லாம் விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கலசத்தில் போடும் ரூபாயும் அவற்றோடு இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918ஆம் வருட வெள்ளி ரூபாய், என் அம்மா விட்டுச்சென்றது. நீலமும் பழுப்புமாக இருந்த அதையும் விடவில்லை. கால் மணி நேரத்தில் பளபளவென்று ஆகிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு நாணயக் கண்காட்சிக்கு அதை எடுத்துப் போனேன். பெரியவர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "யார் சார் இதைத் தேய்ச்சது?" என்றார். "நான்தான்" என்றேன். "இனிமே இதுக்கு வெள்ளி விலைதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முப்பது வருடங்களுக்கு மேல் வங்கி கவுன்ட்டரில் காசு எண்ணியவன் நான். நாணயத்தைப் பார்க்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்றுதான் படிக்க ஆரம்பித்தேன்.

நாணயத்தின் தேய்மானத்தைப் பார்ப்பது இன்றைய பொழுதுபோக்கு அல்ல. சங்க காலத்திலேயே நாணயம் பரிசோதிப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற புலவர் பெயர்களில் அது இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் நோட்டக்காரர்கள், ஷ்ராஃப்கள். நம் வங்கிகளில் காசாளரை ஷ்ராஃப் என்று அழைத்தது அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் அந்தப் பரிசோதனைக்கு ஒரு விலை இருந்தது. வங்காளத்தில் சிக்கா ரூபாய் அச்சான முதல் வருடம்தான் முழு மதிப்பு. அடுத்த வருடம் நூற்றுக்கு மூன்று, அதற்கடுத்த வருடம் ஐந்து என்று வட்டம் பிடிப்பார்கள். காசு உண்மையில் தேய்ந்ததா என்ற கேள்வியே இல்லை. அதில் போட்டிருக்கும் ஆட்சியாண்டு பழசானால் போதும். வரி கட்டப் போன குடியானவன்தான் நஷ்டப்பட்டான். இதை நிறுத்த ஒரு வினோதமான வழி கண்டார்கள். எந்த வருடம் அச்சடித்தாலும் நாணயத்தில் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே போட்டார்கள். காசுக்கு வயதே ஏறாது!

நம் பக்கத்தில் வராகன் புழங்கியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கிட்டு, 1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 180 கிரெய்ன் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1835இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தபோது இதே எடைதான் நிலைத்தது. கிராமில் சொன்னால் 11.66, ஒரு தோலா என்பதும் அதே எடைதான். பிறகு 1906ஆம் வருட நாணயச் சட்டம் தேய்மானத்துக்கு ஓர் எல்லை வைத்தது. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாத ரூபாய் செல்லும். அதாவது சுமார் 0.23 கிராம் வரை தேயலாம். ஷ்ராஃபின் வாய்ச்சொல்லுக்குப் பதில் தராசு வந்தது.

என் ரூபாயை நகைக்கடைத் தராசில் வைத்தேன். 11.60 கிராம். அரை சதவீதம்தான் குறைவு. அந்தச் சட்டப்படி அது நல்ல ரூபாய். பிறகு ஏன் அந்தப் பெரியவர் அப்படிச் சொன்னார்? சேகரிப்பவர்களின் கணக்கு வேறு. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டு பழைய செப்புச் சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று உலகம் முழுக்க வெள்ளி நாணயத்துக்கும் அதுதான். 60க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாதது. இதில் தராசுக்கு வேலை இல்லை, கண்தான் பார்க்கிறது. பார்ப்பவை மூன்று.

முதலில் தேய்மானம். மேடாக இருக்கும் இடம்தான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் புருவம், தாடி, காது, கிரீடத்தின் வளைவு, அங்கியில் உள்ள சின்ன யானை ஆகியவற்றைப் பாருங்கள். (1911இல் இந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடமே திருத்தினார்கள்.) மேடு மங்கலாக இருந்தாலே தேய்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது. அச்சு சரியாக விழாமலும் இருக்கலாம். அங்கே மினுமினுப்பு இருந்தால் அச்சுக் குறை. சாம்பல் பூத்திருந்தால் தேய்மானம்.

இரண்டாவது அந்த மினுமினுப்பு, அதாவது லஸ்டர். அச்சு அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் விழுகின்றன. விளக்கடியில் நாணயத்தைச் சாய்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளி சுற்றி வரும். தேய்த்த நாணயம் பளபளக்கும். ஆனால் ஒளி சுற்றாது.

மூன்றாவது டோனிங். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளியின் மேல் மெல்லிய படலம் உண்டாகிறது. படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. இயற்கையாக வந்த நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக மாறும், எழுத்துகளின் இடுக்கிலும் இருக்கும். நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தது இதைத்தான். விபூதி அந்தக் கோடுகளையும் சேர்த்து அழித்துவிட்டது. எடையில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எல்லாம் போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் பீரோவிலோ பூஜை அலமாரியிலோ ஒன்றிரண்டு இருக்கும். புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. வருடத்தையும் பாருங்கள்: 1940 முதல் வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். எடைக்குப் போடும் முன் ஒருமுறை என்னிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லென்ஸோடு கிளப் ஹவுஸில்தான் இருப்பேன்.

அம்மாவின் ரூபாய் இன்றும் கலசத்தில்தான் போகிறது. பூஜை முடிந்ததும் துணியால் ஒற்றி எடுத்து வைப்பதோடு சரி. ஓரத்தில் இப்போது லேசாக மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கிறது.