பஃறுளியும் பழையாறும்

நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் பிறந்தன என்று பள்ளிப்பாடம் தொடங்கும். நைல், யூப்ரடிஸ், டைக்ரிஸ், சிந்து என அது அடுக்கும் வரிசையில், குமரி மாவட்டத்தவராகிய நாம் பஃறுளியையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். புறநானூறு அவ்யாற்றைச் சுட்டுகிறது. சிலப்பதிகாரம் அதைக் கடல் கொண்டதாகக் கூறுகிறது. லெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலை விளக்க ஸ்க்ளேட்டர் 1864இல் கற்பித்த லெமூரியாக் கண்டம் பின்னர் இந்நினைவோடு இணைக்கப்பட்டது. நிலவியலார் அக்கண்டத்தைக் கைவிட்டுவிட்டனர். நம் மேடைகள் கைவிடவில்லை. பண்டைய கடற்கோள் ஒன்றின் நினைவு அவ்வரிகளில் தங்கியிருக்கலாம். கண்டம் ஒன்று இருந்ததற்குச் சான்றில்லை. சான்றுகள் கரையில்தான் கிடைக்கின்றன: பொருநைக்கரைச் சிவகளையில் முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது.

ஆறு இருந்தாலே நாகரிகம் தோன்றிவிடும் என்பதும் முழு உண்மையன்று. நைலின் வெள்ளம் கோடையில் ஏறி, விதைப்புக் காலத்தில் வண்டலை விட்டு வடிந்தது. உழவனுக்கு அது உற்ற துணை. மெசப்பொத்தேமியாவிலோ, கதிர் முற்றும் ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வந்தது. கரை கட்டியும் கால்வாய் வெட்டியும் அதனோடு போராடியே அங்கு நகரங்கள் எழுந்தன. சிந்துவெளிப் பண்பாட்டைச் சேர்ந்த தோலாவிராவுக்குப் பேராறே இல்லை. மன்சர், மன்ஹர் என்னும் இரு பருவகால ஓடைகளை மறித்துப் பெரும் நீர்த்தேக்கங்களில் தேக்கியே அந்நகரம் வாழ்ந்தது.

நாஞ்சில் நாட்டின் உறவினர் நைல் அல்ல, தோலாவிராவே. மலையிலிருந்து மணக்குடிக் கடல்வரை பழையாறு ஓடும் தொலைவு மிகக் குறைவு. தடுக்காவிட்டால் மழைநீர் விரைவில் கடலைச் சேர்ந்துவிடும். ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இங்குப் பொழிகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்று அறுவடை மாதங்களின் பெயர் தாங்கிய இரு போகங்கள் அதனால்தான் அமைந்தன. இரு மழைக்கும் இடைப்பட்ட நாட்களைக் கடக்க நம் முன்னோர் ஆற்றைக் குளங்களாகப் பகுத்து வைத்தனர். பள்ளிகொண்டான், சபரி, குமரி, சோழன்திட்டை, பிள்ளைபெத்தான் எனப் பழையாற்றின் குறுக்கே அணைகள் வரிசையாக நிற்கின்றன. அவை பிரித்துவிடும் நீர் கால்வழியே குளங்களை நிறைத்தது.

அதுவும் போதாதபோது வேற்றாற்றின் நீரைக் கொணர்ந்தனர். பறளியாற்றில் பாண்டியன் அணையைக் கட்டி, பாறையைக் குடைந்த கால் வழியாக அந்நீரைப் பழையாற்றின் பக்கம் திருப்பினர். இதை இராசசிம்ம பாண்டியனோடு இணைத்துக் கூறுவது மரபு. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்தில் புத்தன் அணை எழுந்தது. மூலம் திருநாள் ஆட்சியில், மின்ச்சின் என்ற பொறியாளரின் மேற்பார்வையில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் நிறைவுற்றது. ஆயிரமாண்டு இடைவெளியில், வெவ்வேறு அரசுகள் ஒரே எண்ணத்தைத் தொடர்ந்திருக்கின்றன.

நீரைப் பகிர்ந்தவர்கள் கூடிப் பேசியாக வேண்டும். மேல்மடையின் மதகை யார் திறப்பது, கடைமடைக்கு எப்போது விடுவது என்பன தனியொருவர் முடிவு செய்யக் கூடியவை அல்ல. வரிக்கொடுமைக்கு எதிராக நாஞ்சில் நாட்டார் ஊர்தோறும் திரண்டு கூடி முடிவெடுத்ததை அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் காட்டுகின்றன. அக்கூட்டங்களுக்கான பழக்கத்தை வாய்க்கால் கரையே தந்திருக்கும் என்று கருதுகிறோம்.

பறளி என்ற பெயரில் பஃறுளியின் எதிரொலியைக் கேட்போர் உண்டு. கேட்கட்டும், தவறில்லை. ஆனால் கடலுக்கடியில் ஆற்றைத் தேடும் நாம், நாகர்கோவிலின் கழிவைச் சுமந்து செல்லும் பழையாற்றின்மீது பாலத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அங்கு வரும் பறவைகளுக்கு அது நல்ல செய்தி. அக்குளங்களை நம்பிய வயல்களோ மனைகளாகி வருகின்றன. நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்று பொருள். பஃறுளியைக் கடல் கொண்டது. பழையாற்றை இழந்தால் அப்பழியைக் கடல்மேல் போட முடியாது.