மீளாய்வும் விடுதலையும்

சிறைத்தண்டனை பெற்றவனுக்குப் பெரும்பாலும் தான் வெளிவரும் நாள் தெரியும். குற்றமேதும் செய்யாது மனநோய் வைத்தியசாலைகளில் அடைக்கப்படும் ஓட்டிசமுடையோருக்கும் கற்றற் குறைபாடுடையோருக்கும் அந்த நாள் தெரிவதில்லை. ‘இவர் இன்னும் இங்கே இருக்கத்தான் வேண்டுமா?’ என்று காலத்துக்குக் காலம் வினவும் மீளாய்வையே அவர்கள் நம்பியிருக்கவேண்டியுள்ளது. இம்மீளாய்வு இங்கிலாந்தில் எவ்வாறு வளர்ந்ததென்பதை நாம் ஊன்றி நோக்குதல் தகும்.

1913ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டத்திலேயே மீளாய்வுக்கு இடமிருந்தது. அடைத்துவைக்கும் கட்டளை ஓராண்டின் பின்னரும், அதன்மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படவேண்டும். ஆயின், அடைத்துவைத்தவர்கள் அனுப்பிய அறிக்கையே புதுப்பித்தலுக்கு ஆதாரமாயிற்று. வறியோர் நிவாரணம் பெறுகையில் மணமாகாது மகப்பெற்ற பெண்ணை, மனக்குறைபாடுடையவளென முத்திரையிட்டு அடைப்பதற்கும் அச்சட்டம் வழிவகுத்தது. ஏழ்மையே நோயாகக் கொள்ளப்பட்ட காலம் அது.

இக்கொடுமையை அசைத்தது அதிகாரிகளின் கருணையன்று. குடியியல் உரிமைகளுக்கான தேசியப் பேரவை 1951இல் ‘சட்டத்துக்குப் புறம்பே ஐம்பதினாயிரம் பேர்’ என்னும் பொருள்படும் பிரசுரத்தை வெளியிட்டுப் பொதுமக்களின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பியது. 1956இல் உயர் நீதிமன்றம் இளம்பெண்ணொருத்தியை அடைத்துவைத்தது சட்டவிரோதமெனத் தீர்த்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கி, சுதந்திரமான மீளாய்வு மன்றங்களை நிறுவியது.

ஆயினும் சட்டம் மாறியதால் வாழ்வு மாறிவிடவில்லை. கார்டிஃப் நகரின் ஈலி வைத்தியசாலையில் நோயாளர் கொடுமைப்படுத்தப்பட்டமையை 1969ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. 2011இல் பிறிஸ்ரல் நகருக்கு அண்மையிலிருந்த வின்ரர்போர்ண் வியூ என்னும் தனியார் வைத்தியசாலையில் நோயாளர் அடிக்கப்பட்டதை பீ.பீ.ஸி. தொலைக்காட்சி காட்டியது. ஒரு நோயாளருக்கு வாரமொன்றுக்குச் சராசரியாக 3,500 பவுண் பொதுப்பணம் அங்கே செலுத்தப்பட்டது. நிரம்பிய கட்டில் இலாபமாகும்போது நோயாளரை வெளியே அனுப்ப எந்த முதலாளி விரைவான்?

தேவையின்றி வைத்தியசாலையிலிருப்போர் யாவரும் 2014 ஜூனுக்குள் வெளியேறுவர் என 2012இல் அரசாங்கம் வாக்களித்தது. வாக்குத் தவறியது. அதன் பின்னரே ‘பராமரிப்பு, சிகிச்சை மீளாய்வு’ என்னும் புதிய முறை தோன்றியது. செலவை ஏற்கும் அதிகாரி, வெளியிலிருந்து வரும் நிபுணர், தாமே அல்லது தம் குடும்பத்தவர் அவ்வாழ்வை அனுபவித்த ஒருவர் ஆகிய மூவர் இக்குழுவில் அமர்வர். இவர் பாதுகாப்பாக உள்ளாரா, தக்க பராமரிப்புப் பெறுகிறாரா, எதிர்காலத்துக்குத் திட்டம் உண்டா, இப்பராமரிப்பை ஊருக்குள்ளேயே அளிக்க முடியாதா என அவர்கள் வினவுவர். அனுபவித்தவரின் சொல்லுக்கு நிபுணரின் சொல்லோடு சமமாக இடமளித்தது பெரும் முன்னேற்றமே.

ஆனால் குழுவின் முடிவு சிபாரிசு மட்டுமே. ‘வெளியே செல்லலாம்’ என எழுதிவிடலாம். செல்வதற்கு வீடு வேண்டும், உதவ ஆட்கள் வேண்டும். அவை இல்லாதவிடத்து அடுத்த மீளாய்விலும் அதே வாக்கியம் எழுதப்படும். நெடுங்காலம் தனியறைகளில் அடைபட்டோரைப் பற்றிய தனி மீளாய்வுகளுக்குத் தலைமைதாங்கிய ஷீலா ஹொலின்ஸ், அத்தனிமையால் சிகிச்சைப் பயன் எதுவுமில்லையென 2023இல் அறிக்கையிட்டார். அவ்வாண்டின் இறுதியிலும் ஏறத்தாழ 2,000 ஓட்டிசமுடையோரும் கற்றற் குறைபாடுடையோரும் இங்கிலாந்தின் மனநோய் வைத்தியசாலைகளில் இருந்தனர்.

2025ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இம்மீளாய்வுகளைச் சட்டக் கடமையாக்கி, சிபாரிசுகளைக் கருத்திற்கொள்ளுமாறும் பணிக்கிறது. வேறு மனநோயின்றி, இவ்வியல்பு ஒன்றையே காரணங்காட்டிச் சிகிச்சைக்கென நெடுநாள் அடைப்பதையும் அது தடுக்க முனைகிறது. குற்ற வழக்குகளின் வழியே வருவோருக்கு இது பொருந்தாது. ஆனால் அத்தடை, ஊர்களில் போதிய உதவிகள் அமைந்த பின்னரே நடைமுறைக்கு வருமென அரசாங்கம் கூறியுள்ளது.

கருத்திற்கொள்வது வேறு, நிறைவேற்றுவது வேறு. சிபாரிசு நிறைவேறாவிடின் பதில்சொல்லும் பொறுப்பு ஒருவர்மீது சுமத்தப்படல் வேண்டும். வைத்தியசாலைக் கட்டிலுக்குச் செல்லும் பணம் ஊரிலுள்ள வீட்டுக்கும் உதவியாளரின் ஊதியத்துக்கும் திரும்பல் வேண்டும். அது நிகழாத வரை, 1913இன் மீளாய்வைப் போலவே இதுவும் வெறுங் காகிதமாகிவிடும்.