பிறர் வலியையும் அறிவோம்: வன்னி மண் தரும் படிப்பினை

 

அரபு மொழியில் ‘அனா’ என்றால் ‘நான்’ என்பது பொருள். அச்சொல்லிலிருந்தே ‘அனானிய்யா’ என்னும் சொல் பிறந்தது. தன்னை மாத்திரமே மையமாக வைத்து உலகத்தை நோக்கும் குணத்திற்கு அது பெயர். இப்லீஸ் வழிதவறியதற்குக் காரணம் என்ன? ஆதம் (அலை) அவர்களைவிடத் தான் உயர்ந்தவன் என்று அவன் எண்ணியமையே ஆகும். இக்குணம் ஒரு தனிமனிதனிடம் காணப்பட்டால் நாம் உடனே அடையாளங் கண்டு வெறுக்கிறோம். ஆனால் ஒரு சமூகம் ‘நான்’ என்ற இடத்தில் ‘நாம்’ என்று வைத்து அதையே செய்யும்போது, அதற்குச் சமூகப் பற்று என்று அழகான பெயர் சூட்டிவிடுகிறோம்.

அதிலும் துன்பப்பட்ட சமூகத்திடம் இந்நோய் மிக மறைவாகக் குடியிருக்கும். “நாமும் பாதிக்கப்பட்டோம்” என்பது உண்மை. அவ்வுண்மை “நாம் மாத்திரமே பாதிக்கப்பட்டோம்” என்ற பொய்யாக மாறுவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை. இதனை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய மாவட்டங்களின் அண்மைக்கால வரலாற்றைச் சிந்தனைக்கு எடுத்தாலே போதுமானது.

1990 ஒக்டோபர்

முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் முதலிய ஊர்களில் முஸ்லிம்கள் தமிழ் மக்களுடன் வேலியோடு வேலியாக வாழ்ந்து வந்தார்கள். வயலும் வியாபாரமும் பாடசாலையும் அவர்களைப் பிணைத்திருந்தன. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதப் பிற்பகுதியில், தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்தில் தமது கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளைவிட்டு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமெனக் கட்டளையிட்டனர். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் வெறும் 2 மணி நேரமாகும். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களிலிருந்தும், வவுனியாவின் சில ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் வீடு, வயல், கடை, பள்ளிவாசல், மையவாடி அனைத்தையும் விட்டுப் புறப்பட்டார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. காணி உறுதிகளையும் பாடசாலைச் சான்றிதழ்களையும் இழந்தவர்கள் ஏராளம்.

இது பெரும் அநீதி. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. இதனை மறக்கும்படி எவரும் நம்மைக் கேட்க முடியாது.

ஆயினும், அந்தக் கட்டளையை இட்டது ஆயுதம் தாங்கிய ஓர் இயக்கம். அயல்வீட்டுத் தமிழ்த் தாயிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. பல ஊர்களில் அயலவர்கள் கண்ணீரோடு வழியனுப்பினார்கள் என்பதை வெளியேறியோரே சாட்சி பகர்ந்துள்ளனர். இந்தப் பகுதியையும் சேர்த்துத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

இன்னொன்றையும் நீதியின் பொருட்டுச் சொல்லியாக வேண்டும். அதே 1990 ஆம் ஆண்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே காலப்பகுதியில் கிழக்கின் சில தமிழ்க் கிராமங்களில் நிகழ்ந்த கொடுமைகளில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் சிலரும் பங்கெடுத்தார்கள். முதலாவதை நினைவில் வைத்து இரண்டாவதை மறப்பது நீதியாகாது. ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாதென அல்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கின்றது. அவ்வெச்சரிக்கை நமக்கும் உரியதே.

அடைக்கலம் தந்தவர்களும் பெற்றவர்களும்

வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தார்கள். அங்குள்ள மக்கள் பெரும் செல்வந்தர்கள் அல்லர். எனினும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். சமைத்த சோற்றைப் பகிர்ந்தார்கள். தென்னந்தோட்டங்களில் ஓலைக் குடிசை போட இடம் கொடுத்தார்கள்.

இதனைப் படிக்கும்போது மதீனாவின் அன்ஸாரிகள் நம் நினைவுக்கு வருவார்கள். கி.பி. 622 இல் மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிரீன்களை நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரிகளுடன் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களோ அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, சந்தைக்குச் செல்லும் வழியை மட்டும் விசாரித்தார்கள். ஒருவர் தம் பொருளைப் பற்றி எண்ணவில்லை. மற்றவர் தம் துன்பத்தை உரிமைச்சீட்டாக்கவில்லை. தன்னலம் துறத்தல் என்பது கொடுப்பவருக்கு மாத்திரம் உரிய கடமையல்ல என்பதை இங்கே காண்கிறோம்.

புத்தளத்தில் அந்த முதல் நாட்களின் அன்பு அதே சூட்டோடு நீடிக்கவில்லை. வருடங்கள் உருண்டோட, கூலி வேலை, தண்ணீர், பாடசாலை இடம், அரச உத்தியோகம் என்று போட்டி வளர்ந்தது. ‘அகதி’ என்ற சொல்லே ஏசுவதற்குரிய சொல்லாயிற்று. இருதரப்பினரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்! எனவே, மார்க்கம் ஒன்றாயிருந்தால் சகிப்புத்தன்மை தானாக வந்துவிடும் என்று நினைப்பது பிழை. அது ஒவ்வொரு நாளும் பயின்று பெற வேண்டிய பண்பாகும்.

2009 இன் வன்னி

இனி, நாம் பெரும்பாலும் பேசாத பக்கத்திற்கு வருவோம். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமானது. அதே மாத இறுதிக்குள் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஓடி, இறுதியில் முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய கரையில் சிக்கினார்கள். புலிகள் அவர்களை வெளியேற விடவில்லை. அரச படையினரின் எறிகணைகளும் ஓயவில்லை. மே மாதம் போர் முடிவுற்றது. இறுதிக்கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடுமென ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011 இல் தன் அறிக்கையில் குறிப்பிட்டது. எஞ்சிய ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களில் மிகப் பெரியது வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தின் மெனிக் பாம். அது 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். 1990 இல் ஒரு பையோடு வெளியேறிய முஸ்லிம் தாயும், 2009 இல் ஒரு பையோடு ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்த தமிழ்த் தாயும் ஒரே மண்ணின் பெண்கள். இருவரும் வீட்டை இழந்தார்கள். இருவரும் கூடாரத்தில் பிள்ளை வளர்த்தார்கள். ஆயினும் ஒருத்தி மற்றவளின் கதையைக் கேட்டதுண்டா?

கேட்காமல் போனதன் விளைவை மீள்குடியேற்றக் காலத்தில் கண்டோம். 1990 இல் ஒரு வீடாகப் போன குடும்பம் இருபது ஆண்டுகளின் பின் மூன்று, நான்கு குடும்பங்களாகத் திரும்பியது. அவர்களுக்குக் காணி வேண்டியிருந்தது. அது நியாயமான தேவை. முகாமிலிருந்து திரும்பிய தமிழ் மக்களுக்கும் காணி வேண்டியிருந்தது. கேப்பாப்பிலவு போன்ற இடங்களில் அவர்களுடைய சொந்தக் காணிகளே படையினரின் வசமிருந்தன. 2017 இல் அம்மக்கள் முகாம் வாசலிலேயே இருந்து போராடினார்கள். முல்லைத்தீவில் காணிப் பங்கீடு பிணக்காக மாறியபோது, “எங்கள் நிலத்தைப் பிடிக்க வருகிறார்கள்” என்று ஒருசாராரும், “எங்களைத் திரும்பவும் துரத்தப் பார்க்கிறார்கள்” என்று மறுசாராரும் கூறினர். இரு பயங்களும் உண்மையான காயங்களிலிருந்து பிறந்தவை. ஆனால் தத்தம் காயத்தை மாத்திரமே பார்த்தவர்களால், தமக்குள் இருந்து பேசித் தீர்க்க இயலவில்லை. அரசியல்வாதிகளே இரு தரப்புக்காகவும் பேசினார்கள்.

நெருங்கிய தருணங்கள்

நெருங்குவதற்கு வாய்ப்பே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2002 ஏப்ரல் 10 ஆம் திகதி கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் வெளியேற்றம் குறித்து புலிகள் தரப்பில் வருத்தம் வெளியிடப்பட்டது. மூன்று நாட்களின் பின் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் வே. பிரபாகரனும் கிளிநொச்சியில் சந்தித்து உடன்பாடு கண்டனர். போர் மீண்டும் மூண்டு அதனை விழுங்கியது. தலைவர்கள் ஒப்பமிட்ட தாள், அயலவர்களின் உள்ளத்தில் ஒப்பமிடப்படாதவரை நிலைக்காது.

பின்னர் 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. சிலர் செய்த கொடுமைக்காக முழு முஸ்லிம் சமூகமும் சந்தேகத்துடன் நோக்கப்பட்டது. “அவர்கள் செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?” என்று நாம் கேட்டோம். மிகச் சரியான கேள்வி. அதே கேள்வியை 1990 ஐ முன்னிட்டு ஒரு சாதாரண தமிழ் இளைஞன் நம்மிடம் கேட்டால், நமது பதில் என்ன?

2020 இல் கொரோனாவினால் மரணித்த நமது ஜனாஸாக்கள் வலுக்கட்டாயமாக எரிக்கப்பட்டன. அந்த வேதனையின்போது, 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ் மக்கள் பேரணி ஒன்றை நடத்தினார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர், நில அபகரிப்பு, தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா சம்பளம் ஆகியவற்றுடன், ஜனாஸா எரிப்பை நிறுத்த வேண்டுமென்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்றாயிருந்தது. முஸ்லிம்களும் இணைந்து நடந்தார்கள். அப்பேரணி வன்னி மண்ணையும் கடந்தே சென்றது. அம்மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. நமது மையித்துக்காகக் குரல் கொடுத்தவர்களுள் தம் சொந்தப் பிள்ளைகளின் உடலைக்கூடக் காணாத தாய்மாரும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

சகிப்புத்தன்மை என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது என்று சிலர் பயப்படுகிறார்கள். அது சரியன்று. நமது காணிக்காகவும் நினைவுக்காகவும் நாம் பேசத்தான் வேண்டும். ஆனால் பிறரின் உரிமைக் குரலை நமக்கு எதிரான குரலாகக் கேட்கும் பழக்கத்தை விடவேண்டும்.

பெற்றோர்களே! ஒவ்வோர் ஒக்டோபரிலும் பிள்ளைகளுக்கு வெளியேற்றத்தின் வரலாற்றை முழுமையாகச் சொல்லுங்கள். துரத்தியவனைச் சொல்லும்போது, அழுத அயலவரையும் சொல்லுங்கள். மே மாதம் வரும்போது முள்ளிவாய்க்காலில் என்ன நடந்ததென்பதையும் சொல்லுங்கள்.

இளைஞர்களே! கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி முதல் தெருவோரத்தில் பிள்ளைகளின் புகைப்படங்களோடு அமர்ந்த தாய்மாரை அறிவீர்கள். அத்தகைய தாயொருவரைக் காணும்போது ஐந்து நிமிடம் நின்று, “அம்மா, உங்கள் மகனின் பெயர் என்ன?” என்று கேளுங்கள். பதிலுக்கு உங்கள் கதையைச் சொல்ல அவசரப்படாதீர்கள். காணிப் பிணக்கு எழுந்தால், அரசியல்வாதியின் வாசலுக்குச் செல்லுமுன் அயல்வீட்டு வாசலுக்குச் செல்லுங்கள்.

‘அனா’ என்பதைக் குறைத்தால்தான் ‘ஈஸார்’ எனும் பிறரை முற்படுத்தும் பண்பு உள்ளத்தில் இடம்பிடிக்கும். வல்ல அல்லாஹ், நமது காயங்கள் பிறர் காயங்களை நாம் காணாதபடி மறைக்கும் திரையாகாமல் காப்பானாக! ஆமீன்.