ஜெய்ப்பூர் பூ நைட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு



சிறப்பு மலருக்குக் குழுவுக்கு ஒரு கட்டுரை தரணும் என்று சொன்னார்கள். சமையல் குறிப்பு, கைவைத்தியம், கோலம் எல்லாவற்றையும் மற்ற குழுக்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் குழு தையல் குழு. நைட்டியும், அதற்கு மேலே போட்டுக்கொள்கிற முன்பக்கம் திறந்த நீளக் கவுனும் தைக்கிறோம். துணிக்கடையில் எல்லாரும் "ஜெய்ப்பூர் காட்டன்" என்று கேட்டு வாங்குகிறோம். அந்தத் துணியில் இருக்கிற பூ எப்படி வந்தது, யார் கை பட்டு வந்தது என்று நம்மில் பலபேர் யோசித்ததில்லை. நான் பத்தாவது வரை படித்தவள். நூலகத்தில் படித்ததையும் கண்காட்சியில் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன். கடைசியில் நம்ம கூட்டமைப்பு முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. அதனால் முழுசாகப் படியுங்கள்.

கட்டையும் கடுக்காயும்

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகரத்தை மன்னர் சவாய் ஜெய்சிங் 1727-இல் கட்டினார். அதன் தெற்கே சாங்கானேர், மேற்கே அஜ்மீர் போகும் வழியில் பாக்ரு என்று இரண்டு ஊர்கள். இரண்டிலும் சீப்பா என்கிற சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக மரக்கட்டையால் துணியில் அச்சடிக்கிறார்கள். சாங்கானேர் துணி வெள்ளைத் தரையில் பொடிப் பொடிப் பூவும் கொடியும். பாக்ரு துணி சிவப்பு, கறுப்பு, அவுரி நீலம் என்று அழுத்தமான நிறம்.

கட்டை செய்வது தனித் தொழில். தேக்கு அல்லது சீசம் மரத்தில் பூவைச் செதுக்கி, காற்று வெளியே போகச் சின்னத் துளைகள் போடுவார்கள். புதுக்கட்டையைப் பல நாள் எண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் வேலைக்கு எடுப்பார்கள். இல்லாவிட்டால் வெடித்துவிடும். ஒரு பூவுக்கு ஒரு கட்டை போதாது. ஓரக்கோட்டுக்கு ஒன்று, உள்ளே நிரப்ப ஒன்று, பின்னணிக்கு ஒன்று. எத்தனை நிறமோ அத்தனை கட்டை.

சாயத்துக்குப் பழைய முறையில் வேண்டியதெல்லாம் நம்ம வீட்டிலும் நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கிற சாமான்தான். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கிக் காயவைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் புளிக்கவிட்டு எடுக்கும் சாறு கடுக்காய் ஏறிய துணியில் பட்டால் கறுப்பாகிறது. படிகாரத்தைப் பசையில் கலந்து அச்சடித்தால் அப்போது நிறமே தெரியாது. பிறகு மஞ்சிட்டி போன்ற வேர்ச் சாயத்தில் கொதிக்கவைக்கும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகிறது. சாயம் துணியைப் பிடித்துக்கொள்வது படிகாரத்தால்தான். அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை.

பாக்ருவில் இன்னொரு முறை உண்டு. குளத்து மண், சுண்ணாம்பு, கோந்து, புழுத்த கோதுமை மாவு எல்லாம் பிசைந்து அந்தச் சேற்றைக் கட்டையால் துணியில் பதித்து, மேலே மரத்தூள் தூவிக் காயவைப்பார்கள். பிறகு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். சேறு இருக்கிற இடத்தில் நீலம் ஏறாது. கழுவினால் அங்கே பூ தெரியும். நம்ம மதுரைச் சுங்குடியில் மெழுகு அச்சு வைக்கிறார்களே, அதே யுக்திதான். அங்கே மெழுகு, இங்கே சேறு.

கண்காட்சியில் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடை ராஜஸ்தான் குழுவினுடையது. அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. கட்டையைக் கொடுத்து என்னையும் ஒரு கைக்குட்டையில் அச்சடிக்கச் சொன்னார். கட்டையைச் சாயத்தில் தொட்டு, மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியை முந்தின அச்சோடு சேர்த்துவைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. கேட்கச் சுலபம். எனக்கு நாலாவது பூவே கோணிவிட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு கவுனுக்கு மூன்றரை மீட்டர் துணி. அகலம் 42 அங்குலம். கட்டை ஆறு அங்குலச் சதுரம் என்றால் குறுக்கே 7, நெடுக்கே 23. ஆக 161 தட்டு. மூன்று நிறம் என்றால் 483 தட்டு. கட்டை சின்னதானால் இன்னும் பல மடங்கு. ஒரே கவுனுக்கு இத்தனை முறை கையை ஓங்க வேண்டும். துவைப்பு, முக்கல், காயவைப்பு எல்லாம் இதில் சேராது. குடும்பத் தொழிலில் அந்த வேலைகளைச் செய்யும் பெண்களின் கூலி எந்தச் சீட்டிலும் தனியாக வருவதில்லை. நெசவு வீட்டில் நூல் சுற்றிக் கொடுக்கிற நம்ம பெண்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பனியன் என்று பெயர் வந்த கதை

துணிக்குச் சாயம் ஏற்றுவது இந்த நாட்டில் மிகப் பழசு. மொகஞ்சதாரோவில் வேர்ச் சாயம் ஏறிய பருத்தித் துண்டு கிடைத்திருக்கிறது. எகிப்தில் பழைய கெய்ரோ பக்கம் ஃபுஸ்தாத் என்ற இடத்தில், குஜராத்தில் அச்சடித்த பருத்தித் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. பல நூறு வருடம் பழசு. அவற்றில் பல ராஜா வீட்டுத் துணியில்லை, சாதாரண மக்கள் உடுத்திக் கிழிந்த துணி. நம்ம அச்சுத் துணி கப்பல் ஏறியது வெள்ளைக்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்னாலேயே.

முகலாயர் காலத்தில் ஆண்கள் இடுப்பில் நாடா கட்டி உடுத்திய நீளமான பருத்தி அங்கிக்கு ஜாமா என்று பெயர். ராஜஸ்தானில் அங்கர்க்கா. இப்படித் தளர்வாக, காற்றோட்டமாக இருந்த உடுப்பைப் பார்த்த ஐரோப்பியர்கள் தாங்களும் வீட்டில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். குஜராத்தி வணிகர்களை 'வாணியா' என்பார்கள். அந்தச் சொல் அவர்கள் வாயில் 'பன்யன்' ஆகி, அந்த அங்கிக்கே பெயராகிவிட்டது. நம்ம திருப்பூர் பனியனும் அதே சொல்தான். அங்கி போய் உள்சட்டை ஆனாலும் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்று ஒருவர், அரசாங்கக் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தினமும் நாட்குறிப்பு எழுதியவர். 1666-இல் தன் படத்தை வரைய உட்கார்ந்தபோது ஓர் இந்திய கவுனை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டதாக அதில் எழுதியிருக்கிறார். நம்ம ஊர் ஸ்டுடியோவில் கோட்டு வாடகைக்கு வாங்கிப் போட்டோ எடுத்தார்களே, அதே மாதிரி! அந்த உடுப்புக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

இந்த அங்கிகளுக்கான பூத்துணி நம்ம கரையிலிருந்தும் நிறையப் போயிற்று. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சென்னைப்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாமே துணி வியாபாரத்தால் வளர்ந்த துறைமுகங்கள். இங்கே உயர்ந்த ரகத்தைக் கலம் என்கிற மூங்கில் பேனாவால் கையால் எழுதினார்கள். கட்டை அச்சும் இருந்தது. சிவப்புக்கு நம்ம கடற்கரை மணலில் வளரும் சாயவேர். சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையே 1734 வாக்கில் நெசவாளர்களையும் துணித் தொழிலாளர்களையும் குடிவைக்கக் கம்பெனி உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அப்படி ஆனது என்று சொல்றாங்க.

பெண்கள் மேல் விழுந்த அடி

இந்தத் துணி அங்கே ரொம்ப ஓடியதும் எதிர்ப்பு வந்தது. பிரான்ஸ் நாடு 1686-இல் பூத்துணிக்குத் தடை போட்டது. 1759 வரை அந்தத் தடை இருந்தது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் போட்டது. 1721-இல் பெரும்பாலான பூப்போட்ட பருத்தியை உடுத்துவதே குற்றம் என்றது. அதற்கு முன் 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் பூத்துணி உடுத்திப் போன பெண்களை மறித்து, துணியைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் ஊற்றினார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, அது உண்மை. ஆனால் கோபம் வியாபாரி மேலே போகவில்லை, வழியில் போன பெண் மேலே போயிற்று. இதைப் படித்தபோது எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாக இருந்தது.

தடை போட்டுக்கொண்டே தொழில் ரகசியத்தையும் தேடினார்கள். நம்ம பக்கம் இருந்த கேர்டூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட முறைகளை 1742-இல் கடிதமாக எழுதி அனுப்பினார். கடிதம் எழுதியவர் பெயர் இருக்கிறது. சொல்லிக் கொடுத்த சாயக்காரர்கள் பெயர் நம்ம கைக்கு வரவில்லை.

பிறகு 1783-இல் அங்கே உருளையில் அச்சடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1869-இல் வேர்ச் சிவப்பையும், 1897-இல் அவுரி நீலத்தையும் தொழிற்சாலையில் செய்து விற்கும் நிலை வந்தது. அங்கே அச்சான துணி இங்கே வந்து மலிவாக இறங்கியது. பல ஊர்களில் கட்டைகள் பரணுக்குப் போயின. தஞ்சாவூர் அரண்மனைக்குச் சேலை செய்து கொடுத்த நம்ம கோடாலிக்கருப்பூர்த் தொழிலும் அந்த நூற்றாண்டிலேயே நின்றுபோனது.

சாங்கானேரும் பாக்ருவும் விழுந்தும் எழுந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1952-இல் அகில இந்திய கைவினை வாரியம் வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் அதற்குத் தலைமை தாங்கி நாடெங்கும் கைத்தொழிலுக்காக உழைத்தார். 1970-க்குப் பிறகு ஜெய்ப்பூர் அச்சுத் துணியில் தைத்த கவுனும் அங்கியும் மறுபடி வெளிநாடு போக ஆரம்பித்தன. இன்றைக்கு இரண்டு ஊர் அச்சுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

எல்லாமே நல்லதாக நடந்துவிடவில்லை. ரசாயனச் சாயக் கழிவு சாங்கானேர் தண்ணீரைக் கெடுத்தது. நொய்யல் ஆற்றைப் பார்த்த நமக்கு அது தெரியும். இன்னொரு கஷ்டம், அதே பூவை ஸ்கிரீனிலும் இயந்திரத்திலும் அடித்து "கை அச்சு" என்றே விற்பது.

நம்ம முடிவு

இங்கேதான் நம்ம கதை வருகிறது. சில வாரம் முன்னால் ஒரு வியாபாரி எங்கள் குழுவுக்குத் துணி கொண்டுவந்தார். ஸ்கிரீன் பிரிண்ட்தான், அவரே ஒத்துக்கொண்டார். "இதுல 'கை அச்சு'ன்னு ஒரு சீட்டு தைச்சிடுங்க. ஒண்ணுக்கு நூறு ரூபா கூட வரும். யாருக்கும்மா தெரியப் போகுது?" என்றார். குழுவில் இரண்டு கருத்து. கடன் தவணை இருக்கிறது, பிள்ளைகள் பீஸ் இருக்கிறது, ஊரெல்லாம் செய்கிறதுதானே என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். நூறு ரூபாய் நம்ம வீட்டில் சின்னப் பணம் இல்லை. விஷயம் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வருகிறது.

என் கருத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த நூறு ரூபாய் 483 தட்டு தட்டிய கைக்குச் சேர வேண்டியது. அவர்களும் நம்மைப் போலக் குழுவில் சேர்ந்து தவணை கட்டுகிறவர்கள். பொய்ச் சீட்டு பெருகப் பெருக, உண்மையான துணிக்கும் யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். நாளைக்கு நம்ம கூட்டமைப்புப் பெயரை இன்னொருவர் மலிவுச் சரக்கில் ஒட்டினால் நாம் சும்மா இருப்போமா?

அதனால் இரண்டு சீட்டு வைக்கலாம். இயந்திர அச்சுக்கு ஒன்று, கை அச்சுக்கு ஒன்று, இரண்டுக்கும் தனி விலை. மலிவு வேண்டும் என்கிறவர் முதலாவதை வாங்கட்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. கை அச்சுத் துணியைத் தனித்தனிக் குழுவாக வாங்காமல் கூட்டமைப்பாகச் சேர்ந்து அச்சடிக்கிற குழுவிடமே நேராக வாங்கினால் விலையும் குறையும். இரண்டு சீட்டிலும் "தைத்தது" என்று போட்டு நம்ம குழுவின் பெயரையும் போடுவோம்.

வாங்கும்போது பார்க்கவும் வழி இருக்கிறது. துணியை விரித்து ஒரே பூவை நாலு இடத்தில் பாருங்கள். கை அச்சில் ஒரு பூ அடர்த்தியாகவும் ஒன்று மங்கலாகவும் இருக்கும். கட்டை சேரும் இடத்தில் ஒரு நூல் விலகலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறியதோ தெரியும். பின்பக்கம் திருப்பினால் சாயம் ஓரளவு ஊறியிருக்கும். எல்லாப் பூவும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பூத்துணி கொண்டுவாருங்கள். எது கை, எது இயந்திரம் என்று எல்லாரும் சேர்ந்தே பிரித்துப் பார்ப்போம். பிறகு ஓட்டுப் போடுவோம்.