சுருங்கிய கையெழுத்தும் சுண்டெலி மூளையும்

அப்பாவின் செக் ஒன்று கையெழுத்து சரியில்லை என்று திரும்பி வந்தது. ஸ்ரீசிட்டியில் தினமும் ஊரார் கையெழுத்தைச் சரிபார்த்துப் பிழைக்கிறவன் நான். அப்பாவின் எழுத்து இரண்டு வருஷமாகப் பொடியாகிக்கொண்டே வந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை.

டாக்டர் பார்கின்சன் என்றார். கை நடுக்கம் போலவே எழுத்து சிறுத்துப் போவதும் அதற்கு ஓர் அடையாளமாம். லெவோடோபா மாத்திரை கொடுத்தார். பி.காம். படித்த எனக்கு என்ன தெரியும்? வழக்கம்போல அதன் பழைய வரவுசெலவைத் தேடிப் போனேன். அது சென்னையில் கொண்டுபோய் நிறுத்தியது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியது 1817இல். நம் வைத்தியர்கள் கம்பவாதம் என்பார்கள். ஊரில் வேலியோரம் படருமே பூனைக்காலி, சுணை பட்டால் அரித்துத் தள்ளுமே? இங்கே தெலுங்கில் தூலகொண்டி. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். இந்த நோய்க்கு அது மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

1957இல் ஸ்வீடனின் கார்ல்சன், சர்ப்பகந்தியிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் கொடுத்து முயல்களைத் துவள வைத்தார். லெவோடோபா போட்டதும் அவை எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், நோயாளிகளின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார்.

ஆனால் மாத்திரை பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். டோபமின் செல்கள் சாவதை அது நிறுத்துவதில்லை. கணக்கு எங்கே உதைக்கிறது?

எல்லாக் கிளையிலும் ஒரே விதிப்புத்தகம்தான். எங்கள் கிளையில் தொழிற்கடன் பக்கம் புரளும், ஊர்க் கிளையில் நகைக்கடன் பக்கம். மூளையிலும் அப்படித்தான். எல்லாச் செல்லிலும் மரபணுக்கள் ஒன்றே. எங்கே எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். கலிபோர்னியாவில் டெஸ்மண்ட் ஸ்மித் குழு 2002இல் அதற்கு வரைபடம் போட்டது. மெத்தாம்ஃபெட்டமின் கொடுத்து, பார்கின்சன் போன்ற நிலையைச் சுண்டெலிகளுக்கு உண்டாக்கினார்கள். மூளையை 40 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 9,000 மரபணுக்களை அளந்தார்கள். ஒரு மூளைக்கு 3,60,000 எண்கள்! நலமான மூளையோடு ஒப்பிட்டார்கள். சேர்ந்தே இயங்கும் மரபணுக் கூட்டம் ஒன்று இரண்டிலும் இருந்தது. நோயுற்ற மூளையில், செல்லும் திசுவும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவைக் கவனிக்கும் மரபணுக்கள் முன்னுக்கு வந்திருந்தன.

இன்று ஒவ்வொரு செல்லாகவே அளக்கிறார்கள். நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து மட்டும் இன்னும் வரவில்லை.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போனால், அப்பா அம்மாவை ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். வரி போகப் போக எழுத்து சுருங்கினால் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நான் இரண்டு வருஷம் தாமதித்துவிட்டேன்.

பி.கு.: பூனைக்காலிப் பொடியை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதிலும் அதே மருந்துதான் இருக்கிறது, அளவுதான் தெரியாது.