வச்சிரம்: தொன்மப் படைக்கலமும் கலவை உலோகமும்

முன்னுரை

இந்திரனின் படைக்கலமான வச்சிரத்தை, மறைந்துபோன மிகுவலிமை உலோகம் ஒன்றின் சான்றாகக் கொள்ளும் போக்கு உண்டு. வச்சிரத்தின் மூலப்பொருளாக வடமொழி நூல்கள் கூறுவனவற்றை ஒப்பிட்டு, அக்கருத்தின் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேதமும் இதிகாசமும்

துவட்டா இந்திரனுக்கு வச்சிரம் செய்தளித்த செய்தி இருக்கு வேத முதல் மண்டலத்தின் 32ஆம் பாடலில் இடம்பெறுகிறது. பிற பாடல்கள் அதனை 'ஆயசம்' என்கின்றன. சில, பொன்னாலானது என்கின்றன. 'அயஸ்' பிற்காலத்தில் இரும்பைக் குறித்தது. எனினும் அதர்வ வேதம் 'கரிய அயஸ்' என அடைகொடுத்துக் கூறுவதால், அச்சொல் தனித்து நின்று இரும்பை மட்டும் சுட்டவில்லை என்பது புலனாகும். முதல் மண்டலத்தின் 84ஆம் பாடலில், ததியங்கின் எலும்புகளால் இந்திரன் பகைவரை அழிக்கிறான். வச்சிரம் அவற்றால் ஆனதென்ற குறிப்பு அங்கில்லை. மகாபாரத வன பருவமோ ததீசியின் எலும்புகளிலிருந்தே ஆறு முனைகளுடைய வச்சிரம் செய்யப்பட்டது என்கிறது. உலோகம் எலும்பாக மாறியபோதும் பெயர் மாறவில்லை.

மணியும் கலவையும்

அர்த்தசாத்திரத்தில் வச்சிரம் வைரமணியைக் குறிக்கிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில், மணிகள் பலாசுரனிடமிருந்து தோன்றின என்பாரையும், ததீசியிடமிருந்து என்பாரையும், மண்ணின் இயல்பால் விளைந்தன என்பாரையும் ஒருங்கே சுட்டுகிறார். தொன்ம விளக்கமும் இயற்கை விளக்கமும் ஒரே செய்யுளில் அருகருகே நிற்கின்றன.

அந்நூலின் வச்சிரலேபப் பகுதி இவ்வாய்வுக்கு மேலும் இன்றியமையாதது. கோயில், மாளிகை, திருவுரு ஆகியவற்றை உறுதியாக இணைக்கும் பசைகளை அது விளக்குகிறது. அவற்றுள் 'வச்சிர சங்காதம்' உலோகக் கலவையாகும்: ஈயம் 8 பங்கு, வெண்கலம் 2 பங்கு, பித்தளை எனப் பொதுவாகப் பொருள்கொள்ளப்படும் ரீதிகா 1 பங்கு. இதனை வகுத்தவன் மயன் என்பது நூலின் கூற்று. வச்சிரப் பெயர் தாங்கிய இக்கலவையில் பெரும்பகுதி, உலோகங்களுள் மென்மையான ஈயமே. உருகி இடுக்குகளை நிரப்பிக் கற்களைப் பிணைப்பதற்கு எளிதில் உருகும் ஈயமே ஏற்றது. ஆகவே இங்கு வச்சிரம் என்பது பிளக்கும் வன்மையன்று, பிரியாத பிணைப்பு.

முடிவுரை

வச்சிரம் ஒரு தனிப்பொருளின் பெயரன்று. அந்தந்தச் சூழலில் உறுதியின் எல்லையாகக் கருதப்பட்டதற்கு வழங்கிய பெயர். அதனை ஒரே உலோகமாகக் கொள்வது, நூல்களிடையே உள்ள கால வேறுபாட்டை அழிப்பதோடு, வச்சிர சங்காதம் போன்ற மெய்யான தொழில்நுட்பச் செய்தியையும் மறைத்துவிடும். தச்சர் பயன்படுத்தும் தோற்பசையைத் தமிழில் 'வச்சிரம்' என வழங்குவது, பிணைப்பு என்னும் அப்பொருள் இன்றும் நிலைத்திருப்பதைக் காட்டுகிறது.