சென்டர் (சொல் வரலாறு)

சென்டர் என்பது நடு, மையம் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர்ச்சொல் ஆகும். இதே பொருளுடைய மிடில் என்ற சொல் ஆங்கிலத்தின் பழைய செருமானியச் சொத்து. சென்டர் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. மிடில் ஒரு பரப்பின் நடுப்பகுதியைக் குறிக்கும். சென்டர் அடிப்படையில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியைக் குத்தியது தார்க்குச்சி. கிரேக்க மொழியில் கென்ட்ரான் என்றால் மாட்டை ஓட்டும் கூர்முனைக் கோல். குத்துதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல். வட்டம் வரையக் கவராயத்தின் ஒரு காலை ஊன்றும்போது விழும் குத்துக்குறிக்கும் அப்பெயரே வழங்கியது. கி.மு. 300 அளவில் யூக்ளிட் இதை வட்ட மையத்துக்குப் பயன்படுத்தினார். பின் இலத்தீனில் சென்ட்ரம் ஆகி, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

எழுத்துக்கூட்டலும் மாறி மாறி வந்துள்ளது. இறுதியில் 'ஈ, ஆர்' என எழுதுவதை அமெரிக்கர் செய்த மாற்றமாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்திலேயே அதுதான் பெருவழக்கு. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி 'ஆர், ஈ' வடிவத்தை ஏற்றதால் பிரித்தானியாவில் அது நிலைத்தது. நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி மற்றதை எடுத்துக்கொண்டது.

கிரேக்கச் சொல் கிழக்கேயும் பயணம் செய்தது. கிரேக்கச் சோதிடத்துடன் இந்தியாவுக்கு வந்து சமசுகிருதத்தில் கேந்திரம் ஆனது. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் இதனைக் கையாண்டுள்ளார். சாதகத்தில் 1, 4, 7, 10ஆம் இடங்கள் கேந்திரங்கள். ஓரை, பணபரம், ஆபோக்லிமம் ஆகியனவும் இவ்வாறு வந்த கிரேக்கச் சொற்களே. இங்கே கேந்திரம் நடுவைக் குறிப்பதில்லை; வான வட்டத்தின் நான்கு முனைகளையே குறிக்கிறது. ஆக, சென்டரும் கேந்திரமும் ஒருதாய்ப் பிள்ளைகள். ஆங்கிலச் சொல்லைத் தவிர்க்கக் கேந்திரம் என எழுதுவோர் கிரேக்கத்தைவிட்டு நகர்வதில்லை.

தமிழில் நடு, நாப்பண், மையம் என்னும் சொற்கள் இருந்தும், பேச்சு வழக்கில் டியூஷன் சென்டர், ஜெராக்ஸ் சென்டர் என்றே வழங்குகிறது. இப்பெயர்களில் நடு என்ற பொருள் அறவே இல்லை. பணி நடக்கும் இடம் என்பதே பொருள்.

அரசியலில் இச்சொல் எளிதாகக் கடந்துபோவதில்லை. தில்லி அரசை ஆங்கில நாளிதழ்கள் சென்டர் என்றும், தமிழ் நாளிதழ்கள் மத்திய அரசு, நடுவண் அரசு என்றும் எழுதிவந்தன. அரசியலமைப்பின் முதல் உறுப்போ இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசு என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியபோது எழுந்த விவாதம் வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. மையம் என்றால் மற்றவை அதன் விளிம்பு. ஒன்றியம் என்றால் மாநிலங்கள் அதன் உறுப்புகள்.